கடலுக்குப் பட்டா எழுதும் முன்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவன். ஜிஐஎஸ் எனப்படும் புவித் தகவல் முறைமையில் வரைபடம் போடுவது என் வேலை. மீன் கூண்டை எங்கே மிதக்க விடலாம், கடற்பாசியை எங்கே கட்டலாம், இறால் பண்ணைக்கு எந்த நிலம் சரிப்படும் என்பதையெல்லாம் செயற்கைக்கோள் படமும் கணினியும் வைத்து முடிவெடுக்கும் முறை நம் கரைக்கு வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்தியக் கடற்கரை நெடுகக் கூண்டு வளர்ப்புக்கு ஏற்ற இடங்களைக் கண்டறிந்து குறித்திருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் பண்ணை நிலங்களை இதே முறையில் ஆராய்ந்து வருகிறது. நல்ல காரியம். இது இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உங்கள் ஆணையத்தை உருவாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2023ல் வந்த திருத்தம், கூண்டு மீன் வளர்ப்பு, கடற்பாசி, சிப்பி, கடல் அலங்கார மீன் வளர்ப்பு ஆகியவற்றையும் ஆணையத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதுவரை உங்கள் மேஜைக்கு வந்தவை பெரும்பாலும் இறால் குளங்கள். குளத்துக்கு சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, ஆட்சேபம் சொல்லப் பக்கத்து நிலத்துக்காரர் உண்டு. கடலில் இவை எதுவும் கிடையாது. அங்கே தகுதியானது என்று நீங்கள் பச்சை நிறம் தீட்டிக் காட்டும் இடம் நாளைக்கு ஒருவருடைய இடமாகிவிடும். தலைமுறை தலைமுறையாக அங்கே வலை போட்டவரிடம் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: வரைபடத்தைக் கணக்கிடும் முன்பே, கடலைப் புழங்குகிறவர்களின் அறிவையும் உரிமையையும் அதற்குள் சேருங்கள். சேர்த்ததை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

இடத்தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதை நம் கரை பார்த்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கம் நெல் வயலை ஒட்டியும், வாய்க்கால் ஓரத்திலும், குடியிருப்புக்கு அருகிலும் இறால் குளங்கள் வெட்டப்பட்டன. கிணற்று நீர் உவர்த்தது. கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம் ஆகியவற்றை இறால் குளமாக்கக் கூடாது. உங்கள் ஆணையத்தின் கதையே அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1987ல், ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு கோஸ்டாரிகாவின் நிக்கோயா வளைகுடாவில் இறால், சிப்பி, கூண்டு மீன் வளர்ப்புக்கு ஏற்ற இடங்களை ஜிஐஎஸ் கொண்டு தேடிக் காட்டியிருந்தது. கருவி அப்போதே இருந்தது. நம் பக்கம் வாய்க்கால், கிணறு, வயல், மண் வகை என்ற நான்கே நான்கு தகவல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால்கூட அந்தக் குளங்களில் பலவற்றுக்கு அனுமதி கிடைத்திருக்காது. அதனால்தான் இந்த முறை நம் கடலுக்கு வேண்டும் என்று நம்புகிறேன். இப்போது செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மென்பொருளும் இலவசம். குறை இருப்பது அடுக்குகளில்.

வழக்கமான தகுதி வரைபடம் எப்படித் தயாராகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் வழி, தேசியப் பூங்கா, பவளப்பாறை போன்று தொடவே கூடாத இடங்கள் முதலில் கழிக்கப்படும். மிச்சமிருக்கும் கடலில் ஆழம், அலை, நீரோட்டம், வெப்பம், உப்புத்தன்மை, ஆக்ஸிஜன், அடித்தரை, துறைமுகத்திலிருந்து தூரம், குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்து, கூட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டுவார்கள். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. பாக் விரிகுடாவில் இதைச் செய்து பார்த்தால்தான் எங்கெங்கே இடிக்கிறது என்பது புரியும்.

முதலில் ஆழம். கரைக்குப் பக்கத்தில் போடும் 6 மீட்டர் விட்டமுள்ள கூண்டுக்கு, கடல் வற்றியிருக்கும் நேரத்திலும் ஏறக்குறைய 6 மீட்டர் ஆழமாவது வேண்டும். வலையின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஓட இடம் இல்லாவிட்டால் தின்றது போக மிஞ்சிய தீவனமும் கழிவும் அங்கேயே தங்கி அழுகும். உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ ஆழத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். கூண்டு வரிசை மொத்தமும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான் ஆழம். இந்தக் கடலில் ஒரு மீட்டர் பிசகினால் கூண்டு தரை தட்டும். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்க்கும் ஆள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறார். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் (பாறைத் தரை) என்று குண்டில் ஒட்டி வருவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவியோடு அவரையும் படகில் ஏற்றிக்கொண்டு அளந்தால் வரும் ஆழ வரைபடத்துக்கு இணையாக இறக்குமதித் தரவு எதுவும் இல்லை.

அடுத்தது காலம். பாம்பன் பாலத்தின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்குக் கடல் சாதுவாக இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் இது அப்படியே தலைகீழ். இரண்டுக்கும் ஆண்டுச் சராசரி அலை உயரத்தைப் போட்டால் இரண்டுமே அமைதியான கடல் போலத் தெரியும். அக்டோபர், நவம்பரில் சங்கிலி அறுந்து கூண்டு கரை ஒதுங்கும்போது அந்தச் சராசரியால் என்ன பயன்? கூண்டில் வளர்க்கும் கடல் விரால் (கோபியா) ஆறேழு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ எடைக்கு வரும். பிப்ரவரி கடைசியில் குஞ்சு விட்டால் வாடை தொடங்கும் முன் அறுவடை செய்துவிடலாம். மே மாதம் விட்டால் முடியாது. ஆக, பாக் விரிகுடாவில் ஓர் இடம் தகுதியானதா என்பது மண்டபம் ஊரிலுள்ள பொரிப்பகத்திலிருந்து குஞ்சு எந்த மாதம் கிடைக்கும் என்பதையும் பொறுத்தது. தயவுசெய்து ஒரே வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். மாதவாரியாகப் பன்னிரண்டு போடுங்கள். அனுமதியைக் கடலின் மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

பூங்கோரை பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கடல் திடீரென்று கரும்பச்சையாகும், இரவில் ஒளிரும். ஆய்வாளர்கள் நாக்டிலூகா என்று சொல்லும் நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கு எங்கள் பக்கப் பெயர் பூங்கோரை. 2019ல் அது பெருகியபோது பாம்பன், மண்டபம் கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. வெளியில் திரியும் மீனுக்கு ஓட வழி உண்டு, கூண்டு மீனுக்கு இல்லை. செயற்கைக்கோள் கடலின் நிறத்திலிருந்துதான் பச்சையத்தைக் கணிக்கிறது. கலங்கலும், தரை தெரியும் ஆழமும் உள்ள கரையோர நீரில் அந்தக் கணக்குப் பிசகும். எந்தத் துறையில் பூங்கோரை முதலில் ஏறும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அங்கே வலை போடுகிறவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு ஓர் அடுக்கு தயாரிப்பதற்குப் பெரிய செலவு கிடையாது.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் ஆய்வுக்காகத் தயாரான தகுதி வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, பாக் விரிகுடாக் கரையில் ஓர் ஊரின் வலைக்கொட்டகையில் விரித்தபோது நானும் இருந்தேன். நாலு மூலையிலும் ஈயக்குண்டு வைத்துக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டார்கள். வயதான ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் அடர்பச்சையாக இருந்த ஓரிடத்தில் விரலை ஊன்றி, "தம்பி, இது வெறும் தண்ணின்னு நெனைச்சீங்களா? இது தாழை. வாடை ஓஞ்சதும் எங்க நண்டு வலையெல்லாம் இங்கதான் விழும்" என்றார். தாழை என்று எங்கள் பக்கம் சொல்வது கடலடியில் வளரும் கடற்புல்லை. பக்கத்திலிருந்தவர் பேனாவை வாங்கி, அந்தப் பச்சைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அது படகு போய்வரும் வழி. இன்னொருவர் இரண்டு வட்டம் போட்டார். கரைவலைப் பாடுகள், அதாவது கரையிலிருந்து வலை இழுக்கும் இடங்கள். அரைமணி நேரத்தில் அந்த அடர்பச்சையில் பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய வேலைத்தலம் என்று எழுதப்பட்டிருந்தது.

அந்த வரைபடத்தின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆழம் சரி, ஓட்டம் சரி, துறைமுகம் பக்கம். ஆனால் மனிதர் அந்தத் தண்ணீரில் என்ன செய்கிறார் என்று சொல்லும் அடுக்கு ஒன்றுகூட அதில் சேர்க்கப்படவில்லை. கூண்டுக்கு ஏற்ற அமைதியான, ஆழம் குறைந்த, கரையை ஒட்டிய கடல்தான் நாட்டுப்படகுக்காரரின் கடலும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே கரையிலிருந்து 3 கடல் மைல் வரை அவர்களுக்கென்று ஒதுக்கியது. விசைப்படகிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பகுதியில்தான் பச்சை நிறம் அதிகமாக விழுகிறது.

இன்னொன்றும் உண்டு, இதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே கடலை நாள் பிரித்துப் புழங்குகின்றன. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு. எத்தனையோ சண்டைக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு வந்த ஏற்பாடு அது. கூண்டு ஏழு நாளும் ஒரே இடத்தில் நிற்கும். அது வந்து நிற்கும் நாளிலிருந்து அந்த நாள் கணக்கு கலைகிறது. யாருடைய நாளை எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் உரிமம் கொடுத்தால் பழைய சண்டை புது உருவில் வரும்.

பெண்களின் கடலையும் சேருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் படகுக் கணக்கிலும் வலைக் கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் இறங்கும் இடம் இடுப்பளவு, கழுத்தளவு நீர். பாசி வளர்ப்புத் தெப்பங்களுக்குப் பொருத்தமானது என்று வரைபடம் சொல்வதும் அதே நீரைத்தான். தெப்பத்தில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவில் பவளத்தின்மீது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே அங்கே பவளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். வடக்கே தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 2022ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. ஆவுளியா தாழையைத் தேடி வரும் விலங்கு. அதற்குப் பாதுகாப்பக எல்லைக்கோடு தெரியாது. தாழை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கூண்டின் நங்கூரம் விழக் கூடாது என்ற விதி வேண்டும்.

எடை கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய முறைப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை தீர்மானிக்கிறார்கள். ஆழம் பெரிதா ஆக்ஸிஜன் பெரிதா, சாலை பெரிதா அலை பெரிதா என்று ஒரு சில நிபுணர்கள் சொல்வதை வைத்து எண்கள் வருகின்றன. அந்த நிபுணர்களோடு கூண்டு வைத்து நட்டப்பட்டவரும், கூண்டே வேண்டாம் என்கிற கரைவலைக்காரரும் ஏன் உட்காரக் கூடாது? எண்களை மூடி வைக்காமல் வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிடுங்கள். எடையைச் சற்று மாற்றினால் எந்தப் பச்சை மஞ்சளாகிறது என்பதையும் காட்டுங்கள். அதைவிட அவசியமான திருத்தம் ஒன்று: கூட்டிச் சராசரி எடுக்கும் முறையில் நல்ல சாலையும் பக்கத்துத் துறைமுகமும் மோசமான ஆக்ஸிஜனை மறைத்துவிடும். மீனுக்குச் சாலை தெரியாது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்ஸிஜன் இறங்கும் இடம் வேறு எதில் நூறு வாங்கினாலும் தகுதியில்லாததுதான்.

ஓர் இடம் தகுதி என்றால் அங்கே எத்தனை கூண்டு என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டும். பாக் விரிகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, நீர் மெதுவாகத்தான் மாறும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கூண்டுக்கு 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். மானியம் வரும்போது விண்ணப்பங்கள் கடலின் ஒரே இடத்தில் குவியும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நீர் தாங்குமா என்று தெரியும்.

கரைப் பக்கத்திலும் இதே கதைதான். இறால் பண்ணைக்கான நெறிமுறைகள் 500 பேருக்குக் குறைவான ஊரிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேற்பட்ட ஊரிலிருந்து 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் என்று வகுத்தன. ஜிஐஎஸ்ஸில் இந்த வட்டங்களைப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் களிமண்ணில் நூறு மீட்டரும் மணலில் நூறு மீட்டரும் ஒன்றல்ல. மணலில் உப்பு எளிதாக ஊர்ந்து போகும். ஒரு பண்ணை தண்ணீர் விடும் வாய்க்காலிலேயே அடுத்த பண்ணை தண்ணீர் எடுத்தால் வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே போகும். செயற்கைக்கோள் படத்தில் தரிசு என்று தெரிவது பல ஊர்களில் கருவாடு காயும் களம், ஆடு மேயும் இடம், மழையில் நீர் வடியும் பாதை. வருவாய்ப் பதிவேட்டில் அது புறம்போக்கு. இந்த இரண்டு சொற்களை நம்பி யாரும் அனுமதி கொடுக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது எங்கெல்லாம் கடல் ஏறியது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் இன்றும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அதையும் கேட்டுக் குறியுங்கள்.

2023ல் தமிழ்நாட்டின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவு வரைபடங்கள் வெளியானபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தங்கள் ஊர்களும், படகு நிறுத்தும் இடங்களும், மீன்பிடி இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று பல மாவட்ட மீனவர்கள் எதிர்த்தார்கள். முடித்த வரைபடத்தைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டால் கோபம்தான் வரும். வெள்ளைத்தாளோடு வந்தால் ஊரே சேர்ந்து வரைந்து கொடுக்கும். வரைந்த பிறகு தமிழில், ஊர்ப் பெயர்களோடும் பார்ப் பெயர்களோடும், போனில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வெளியிடுங்கள். நல்ல மீன் பாடு எங்கே என்று ஊர் வெளியில் சொல்ல விரும்பாத இடங்கள் உண்டு. அவற்றைத் துல்லியமாகக் காட்டாமல் "புழக்கம் உண்டு" என்று மட்டும் காட்டும் உரிமை ஊருக்கு இருக்கட்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு ஒரு விண்ணப்பத்தை எடுக்கும் முன் அந்த ஊர்க் கமிட்டியின் கையெழுத்திட்ட வரைபடப் பிரதி கோப்பில் இருக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டால் போதும், பாதிப் பிரச்சினை எழாது.

கூண்டு வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலங்கைக் கடற்படைக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போய்த் திரும்புவதைவிடக் கண்ணெதிரே மீன் வளர்த்துப் பிழைக்கலாம் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. சொந்த ஊர்க்காரர்களின் வலைக்குக் குறுக்கே இல்லாத இடம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் எங்கள் கடலில் இருக்கிறது. வலைக்கொட்டகையில் விரித்த அந்த வரைபடத்திலேயே, எல்லாரும் கோடு போட்டு முடித்த பிறகும், யாரும் தொடாத இரண்டு பச்சைத் துண்டுகள் மிஞ்சியிருந்தன. "இங்க போடுங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அந்தப் பெரியவரே சொன்னார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் மதியத்துக்கு மேல் கிடைப்பார்கள். பாசி எடுக்கும் பெண்களை அவர்கள் கடலுக்குப் போகாத நாள் எது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். தொண்டி முதல் மண்டபம் வரை நான்கைந்து ஊர்களை எடுத்து, ஒரு மீன்வள ஆய்வாளர், ஜிஐஎஸ் தெரிந்த ஒருவர், பெரிய தாளில் அச்செடுத்த வெறும் கரைக்கோடு, நாலு நிறப் பேனாக்கள் ஆகியவற்றோடு அனுப்பி வையுங்கள். வரும் தேதியை ஒரு வாரம் முன்னதாக ஊர்த்தலைவருக்குச் சொல்லிவிட்டால் ஆள் திரட்டுவது எங்கள் பொறுப்பு. கணினி வேலைக்கு நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையைச் சேர்ந்த ஒரு வரைபடக்காரன்